வனக்குற்றப் பதிவேடு, மூன்றாம் தொகுதி

மலைக்கு எந்த மாதம் தீ வைக்கலாம் என்று
கோவையிலிருந்து வந்த குழு
எங்களிடமே கேட்டது.
தீ வைக்காதே என்று
வளைவுக்கு வளைவு பலகை நட்டவர்கள் நாங்கள்.

கடம்பூர் மலையில் உண்ணிச்செடி
ஆள் உயரம் தாண்டிவிட்டது.
யானை ஒதுங்கிப் போகிறது, ராகிக் காட்டு வழியாக.
பங்குனியில் ஒரு பீடித்துண்டு விழுந்தால்
மரத்தின் உச்சிவரை எரிகிறது.
முன்பு இப்படி இல்லையாம்.
முன்பு எப்படி என்று எழுதித் தர வேண்டும்,
செயல்திட்டம், நான்காம் அத்தியாயம்,
ஆதாரத்துடன்.

நான் எழுத்தர். கோபியிலிருந்து பஸ்ஸில் வருகிறவன்.
ஆதாரம் என்றால் எனக்குப் பீரோதான்.

எலிப்புழுக்கையைத் தட்டிவிட்டுப் பிரித்தேன்:

*சடையன், த/பெ கெம்பன், ஊராளி.
தை பதினொன்று, மாலை நாலேகால்.
கல்லுப்பள்ளம், மேற்குச் சரிவு.
புல்லுக்குத் தீ வைத்தமை.
தீயின் உயரம் முழங்கால் அளவு.
ஓடைக்கரையில் தானாக அணைந்தது.
சேதம்: இல்லை.
அபராதம்: ரூபாய் நூற்றைம்பது.*

அந்தக் காவலர் யாரோ,
தமிழ்த் தேதியே போட்டிருக்கிறார்.
பொடி எழுத்து. காற்றின் திசையைக்கூட விடவில்லை.

சடையன், மாசணன், ரங்கி, மறுபடி சடையன்.
பத்தொன்பது வருடத்துக் குற்றங்களை
இடவாரியாக அடுக்கினேன்.
மேற்குச் சரிவு மூன்று வருடத்துக்கு ஒருமுறை.
நெல்லித்தோப்பு இரண்டுக்கு ஒருமுறை.
தை கழிந்து ஒரு தீ இல்லை.
காலையில் ஒரு தீ இல்லை.

குழுவின் கணினியில்
அத்தனை வழக்கும் மஞ்சள் புள்ளிகளாயின.
சரிபார்க்க மாதியை வரச் சொன்னார்கள்,
சடையன் மகள், தீக்காவலர், தினக்கூலி.

திரையில் ஒரு வெற்றிடம்.
இங்கே எரித்ததே இல்லையா?
"வெச்சோமுங்க. நீங்க புடிக்கல."
இன்னொரு வெற்றிடம், தெற்கே.
அதற்கு அவள் வாய் திறக்கவில்லை.
பெயர் போடாமல் அப்படியே விட்டார்கள்.
வரைபடத்தில் எனக்குப் பிடித்த இடம் அது.

தை எட்டு, வியாழன்.
மாவட்ட அதிகாரி, இரண்டு ஜீப்,
போண்டா பொட்டலம் நாற்பது, ஒரு பேனர்.
மாதி ஒரு கைப்பிடி சருகை எடுத்து
நொறுக்கினாள், முகர்ந்தாள், ஊதினாள்.
"இன்னிக்கி வேண்டாமுங்க.
காத்து மோயாத்துப் பக்கமிருந்து ஏறுது."
நிகழ்ச்சி நிரலில் மூன்றரை என்று இருந்தது.
அவள் தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு
பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.
போண்டா தின்றுவிட்டு எல்லோரும் இறங்கினோம்.

சனிக்கிழமை மாலை, பேனர் இல்லாமல்
நாங்கள் நாலு பேர்.
ஓர் ஓரத்தில் குனிந்து வைத்தாள்.
தீ எங்கள் முழங்கால் பார்த்து நடந்தது,
சருகைத் தின்று, வேரைத் தொடாமல்.
பக்கத்து நெல்லியில் பச்சையாகத் தொங்கிய புல்லுருவி
வெப்பத்தில் சுருண்டது.
மரத்துக்கு ஒன்றுமில்லை.
ஓடைக்கரை வந்ததும்
பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நின்றது.
நான் கடிகாரம் பார்த்தேன், பழக்கதோஷம்.
ஐந்து இருபது.

திங்களன்று சரக அலுவலகத்தில்
கூலிக்குக் கையெழுத்துப் போட வந்தவள்
மூன்றாம் தொகுதியைக் கேட்டாள்.
அப்பன் பக்கத்தை நின்றபடியே படித்தாள்.
"நூத்தம்பது. ஆட்ட வித்துக் கட்டுனது.
திருப்பித் தருவீங்களா?"
கணக்குத் தலைப்பு எது என்று
ஈரோட்டுக்குக் கடிதம் எழுதியிருப்பதாகச் சொன்னேன்.
எழுதவில்லை அப்போது. மறுநாள்தான் எழுதினேன்.
"கெம்பனில்ல. தாத்தன் பேரு பேதன்."

சிவப்பு மையில் அதை அடித்துத் திருத்தி
என் சுருக்கொப்பம் போட்டேன்.
எனக்கு அந்த அதிகாரம் கிடையாது.
ஈரோட்டிலிருந்து
இன்னும் பதில் இல்லை.